துருக்கியில் கோத்த பெட்டிகள்

— பெட்டி கோக்குற மாதிரிதான் கஸ்தூரி! துருக்கி பாஷையில ‘எவ்’னா வீடு. ‘எவ்லெர்’னா வீடுங்க. ‘எவ்லெரிமிஸ்’, நம்ம வீடுங்க. ‘எவ்லெரிமிஸ்தென்’, நம்ம வீடுங்கள்லேர்ந்து! அப்படியே நம்ம தமிழு. ஒண்ணுகூட முன்னாடி ஒட்டல பாரு!

— முப்பது வருஷம் கூட்ஸ் வண்டியில கார்டா இருந்தவருக்கு எதைப் பாத்தாலும் பெட்டிதான்.

— அதத்தான் சொல்றேன்! வினைச்சொல் எங்க உக்காந்திருக்கு தெரியுமா? கடைசிப் பெட்டியில, என்னாட்டம். அது பச்சைக் கொடி காட்டுனாத்தான் வாக்கியமே நகரும். துருக்கி எங்க, திருவண்ணாமலை எங்க! உடம்பு சிலிர்க்குதுடி. நேத்து அடி அண்ணாமலையில ஒரு வார்த்தை ஆரம்பிச்சேன். மலையைச் சுத்தி வந்துட்டேன், வார்த்தை முடியல!

— க்கும். அந்தக் கூத்து என் காதுல விழ வேணாம்னுதான் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள வெளிய துரத்துறேன்.

— துரத்து, நல்லதுதான். ஆறு மாசத்துல முக்கால் துருக்கிக்காரன் ஆயிட்டேன். இதக் கேளு, சம்பந்திக்கு இங்கிலீஷ்காரன்கிட்ட ஒத்தச் சொல் கிடையாது. இவங்ககிட்ட இருக்கு. ‘துனுர்’!

— எனக்குச் சம்பந்தியும் இல்ல, பொண்ணும் இல்ல. செங்கம் ரோட்டுல ரூம் எடுத்துத் தங்குன துருக்கிக்காரனக் கட்டிக்கினு தேவிப்ரியா போனாளே, அன்னிக்கே முடிஞ்சிது.

— நாலு வருஷம் ஆச்சு கஸ்தூரி. இன்னிக்கு மாமியாரக் கூட்டிக்கினு வர்றா. வாசல்ல ஒரு வார்த்தை பேச ஆளில்லன்னா, நம்ம பொண்ணு திரும்ப இந்தப் படி ஏறுவாளா? நீ பேசாத. நான் பேசுறேன். இந்த வயசுல எதுக்குப் படிச்சேன்?

— பேசுங்க. நான் சமையக்கட்ட விட்டு வரமாட்டேன்.

— வேன் சத்தம்! வந்துட்டாங்க! எவ்... எவ்... ஐயோ, எல்லாப் பெட்டியும் கழண்டுடுச்சு கஸ்தூரி!

— தள்ளுங்க. தட்டு சாஞ்சிடப் போவுது.

— ஆரத்தியா? இத எப்பக் கரைச்ச?

— வணக்கம் சம்பந்தி. நான் நெர்மின், ப்ரியாவோட மாமியார். உள்ள வரலாங்களா?

— சம்பந்தியம்மா, நீங்க... தமிழ்ல... யாரு சொல்லிக் குடுத்தது?

— தினம் ஆறு மணிக்கு ப்ரியா போன் போட்டுக் குடுப்பா. நீங்க வெளிய போயிட்டீங்கனு சொல்லிட்டுத்தான் கஸ்தூரி தமிழ்ப் பாடத்த ஆரம்பிப்பாங்க.