இடது கால்

லதுஷா: இப்ப எந்தப் பக்கம் நோகுது, சுமன் அண்ணா?

சுமன்: எல்லாப் பக்கமும்தான் மிஸ்.

லதுஷா: அப்பிடிச் சொன்னா எனக்கு விளங்காது. விரல் வச்சுக் காட்டுங்கோ.

சுமன்: இந்தா... முழங்காலுக்குக் கீழ. இல்ல, கொஞ்சம் உள்ளுக்கு.

லதுஷா: போன கிழமை வெளிப்பக்கம் எண்டீங்கள்.

சுமன்: எடம் மாறுது மிஸ்.

லதுஷா: கழட்டிப் பாத்தனான். ஒரு சிவப்பு அடையாளம்கூட இல்லை. மூண்டாம் தரம் அச்செடுத்துச் செய்த பொய்க்கால் இது. என்னை வேலையால நிப்பாட்டப் போறீங்கள் போல.

சுமன்: இன்னொருக்கா எடுத்துப் பாருங்களேன்... மழை பேஞ்சா அந்தப் பாதம் சில்லுன்னு ஆகுது. ஈர மண்ணுக்குள்ள வச்ச மாதிரி.

லதுஷா: எந்தப் பாதம்?

சுமன்: வெட்டுனது.

லதுஷா: இல்லாத காலும் நோகும், குளிரும். கன பேர் சொல்றவை. சரி, கம்பியைப் பிடிச்சு எழும்புங்கோ... ஓம். இப்ப கையை விடுங்கோ.

சுமன்: விழுந்துருவேன்.

லதுஷா: விட்டிட்டீங்கள் அண்ணா. தனியாத்தான் நிக்கிறீங்கள்.

சுமன்: கதவு சாத்தியிருக்கா மிஸ்?

லதுஷா: முதல் தரம் நிக்கிற ஆக்கள் சிரிப்பினம், இல்லாட்டி அழுவினம். நீங்கள் கதவைப் பாக்கிறீங்கள்.

சுமன்: கலா வெளிய இருக்கா. இன்னும் சரியாகலன்னு சொல்லிருங்க மிஸ்.

லதுஷா: உங்கட மனுசிக்கு நான் பொய் சொல்லவோ?

சுமன்: நடந்தேன்னா மலைக்குக் கூட்டிட்டுப் போவா. எங்க தோட்டத்து லய வீட்டுக்கு மேலதான் பாப்பாவைப் பொதைச்சது. அந்த மண்சரிவுல புள்ளயும் போச்சு, என் காலும் போச்சு. அப்பா நீங்க வந்து வெளக்கு வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா.

லதுஷா: ஏத்தம் கஷ்டம்தான். பழகலாம்.

சுமன்: ஏத்தம் இல்ல மிஸ்... அங்க பாப்பா இல்ல.

லதுஷா: விளங்கேல்லை.

சுமன்: ஆமிக்காரங்க தேடுனாங்க, கெடைக்கல. அப்புறம் நிப்பாட்டிட்டாங்க. கலா சோறு தண்ணி இல்லாம அந்தச் சேத்துலயே குந்திக்கிட்டு இருந்தா. ஆஸ்பத்திரியில வெட்டுன காலை என் தம்பிகிட்ட குடுத்தாங்க, பொதைக்கச் சொல்லி. நான்தான் சொன்னேன்... வெள்ளத் துணியில நல்லா சுத்து, பாப்பான்னு சொல்லு, தொறக்க மட்டும் விடாதன்னு.

லதுஷா: கடவுளே...

சுமன்: என் காலையே நான் எப்படிக் கும்புடுவேன்? அவ பக்கத்துல நின்னுக்கிட்டு?

லதுஷா: மெல்லக் கதையுங்கோ. கதவு...

கலாராணி: தெல்தோட்டை பஸ்ஸு போயிரும் மிஸ். சரியாயிருச்சா?

லதுஷா: அது... இன்னொருக்கா வரவேண்டி...

கலாராணி: நிக்கிறாரே.

சுமன்: வலிக்குது கலா.

கலாராணி: வலிக்கும். மெதுவா ஏறலாம், நான் பிடிச்சிக்கிறேன்.

சுமன்: கலா, அந்தக் குழியில...

கலாராணி: தெரியும். தம்பி கொண்டாந்து என் மடியில வச்சப்பவே தெரியும். தூக்கி வளத்தவளுக்குக் கனம் தெரியாதாங்க? ஒரு எடம் இல்லாம நான் எங்க போயி வெளக்கு வைப்பேன்... அதான் வாயத் தொறக்கல. நடங்க.