ஒவ்வாத மருந்துக் கட்டத்துக்கு இட்ட பூட்டு

இராஜபாளையம் மலையடிப்பட்டியில் வசிக்கும் எலியேசர் மனைவி ஜெயபாய், வயது 39, ஆகிய நான், 1998ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, சார்பு ஆய்வாளர் வினவியதன் பேரில், எவருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்லி எழுதுவித்த வாக்குமூலம்.

நான் பத்தாம் வகுப்பு வரை பயின்றவள். கம்ப்யூட்டரை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரிலுள்ள ஆங்கில உதவிப் பக்கங்களை வாசித்தே தேர்ந்தேன். இவ்வூர்த் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு ஆண்டுகளாகப் பதிவேட்டு எழுத்தராகப் பணியாற்றுகிறேன். அங்குள்ள நோயாளிகள் பதிவேட்டைச் சென்ற ஆண்டு கம்ப்யூட்டரில் வடிவமைத்தவள் நானே. பெயர், ஊர், வயது ஆகியவற்றுடன் 'ஒவ்வாத மருந்து' என்னும் கட்டத்தையும் அதில் அமைத்தேன்.

மம்சாபுரம் பேச்சிமுத்து என்னும் சுமை தூக்கும் தொழிலாளி, தமக்குப் பென்சிலின் ஆகாது என்று டாக்டர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தவர். ஆகஸ்டு மாதம் அதனை அக்கட்டத்தில் ஏற்றிய நான், நைந்துபோன அந்தச் சீட்டு இனித் தேவையில்லை என்று அவரிடம் கூறினேன். இதனை எவரும் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

அதன் பின்னர் பிப்ரவரி 10ஆம் தேதி, நான் விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றிருந்தபோது, நோயாளிகள் பட்டியல் ஒரே தாளின் அகலத்தில் அடங்க வேண்டும் என்று மேலாளர் சுப்புராஜ் கேட்க, பணம் வாங்கும் எழுத்தர் ஐயாதுரை, இடம் போதாமையால் அக்கட்டத்தையே நீக்கிவிட்டார். அதன் பின்னர் நோயாளிச் சீட்டு அச்சிடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அந்த விவரத்தைக் கேட்டு நிற்க, அவர் வெறுமனே என்டர் தட்டியிருக்கிறார்.

மறுநாள் நான் வருமுன்னரே கால் காயத்துடன் வந்த பேச்சிமுத்துவின் சீட்டில் அவ்விடம் வெறுமையாக இருந்தபடியால், செவிலியர் செல்லத்தாய் பென்சிலின் பரிசோதனை ஊசி போட, பேச்சிமுத்து முகம் வீங்கி மூச்சடைத்து விழுந்தார். தலைமை டாக்டர் காப்பாற்றினார். இரண்டு நாள் கழித்துப் பேச்சு வந்ததும் அவர் என்னிடம், "சீட்டு வேண்டாம்னு நீங்கதானம்மா சொன்னீக" என்றார். ஐயாதுரையோ, "தாள்ல வராம இருக்கத்தான்க்கா எடுத்தேன், உள்ள கெடக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அதன் பின்னர் முந்தைய சனிக்கிழமை பிளாப்பியில் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து அக்கட்டத்தை மீட்டேன். நகல் எடுத்த பின் சேர்ந்தவர்களுள், ஏதோ மருந்து ஆகாதென்று டாக்டர் குறிப்பில் கண்ட மூவரையும் வன்னியம்பட்டி வரை நேரில் சென்று விசாரித்து ஏற்றினேன். அதன் பின்னர் பிப்ரவரி 14ஆம் தேதி, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அளித்து, விவரம் சேர்க்கவும் திருத்தவும் இயலும், வடிவமைப்பை மாற்ற இயலாது என்று அமைத்தேன். ஷிப்ட் கீயை அழுத்தியபடி திறந்து வடிவமைப்புக்குள் குறுக்கே நுழையும் வழியையும் அடைத்தேன். மாற்றும் உரிமை என் கடவுச்சொல்லுக்கு மட்டுமே உண்டு. எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டதாகக் கூறவும் மாட்டேன்.

மார்ச் 12ஆம் தேதி மேலாளர் சில கட்டங்களை எடுத்துவிட வேண்டுமென்று கடவுச்சொல்லைக் கேட்டார். எழுத்து மூலம் கொடுத்தால் மாலைக்குள் நானே செய்து தருவேன், அந்த ஒரு கட்டம் நீங்கலாக, என்றேன்.

"ஆஸ்பத்திரி எங்களுது, பூட்டு மட்டும் உன்னுதாம்மா?" என்றார்.

"பூட்டு பேச்சிமுத்துவுடையது, ஐயா" என்றேன்.

கம்ப்யூட்டரைப் பூட்டி ஆஸ்பத்திரி வேலையை முடக்கியதாக மறுநாள் என் மீது மனுக் கொடுத்துள்ளார். அன்றைய தினம் 63 புதிய நோயாளிகள் தடையின்றிப் பதிவானதற்கு அச்சுப் பிரதி தாக்கல் செய்கிறேன். இன்று காலை இந்நிலைய வாசலில் அவர், "பாஸ்வேர்டைச் சொல்லிரு, மனுவை வாங்கிருதேன். இல்லன்னா நாளைக்கி வேலைக்கு வராத" என்றார். வேலையை விடச் சம்மதித்தேன். கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தின் முன்னிலையில், எங்கள் தலைமை டாக்டரிடம் மட்டுமே ஒப்படைப்பேன். பேச்சிமுத்துவுக்கு டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கி, என் கையாலேயே அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

மேற்கண்டவை வாசித்துக் காட்டப்பட்டன, நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை. அடித்தல் திருத்தல் இல்லை. இதன் கீழ் எஞ்சியுள்ள வெற்றிடத்தில் பின்னர் எவரும் எதையும் சேர்க்க இயலாதவாறு, சார்பு ஆய்வாளர் முன்னிலையில் குறுக்குக் கோடிட்டு, அக்கோட்டின் மீதே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) எ. ஜெயபாய்