பால் கறக்கும் நேரத்து ஆட்டம்

எனக்கு மாடுகளைப் பிடிக்கும் ஐயா. வொங்காராவில் பால் பண்ணையில் பிறந்து வளர்ந்தவன் நான். இன்றும் தேநீரில் பால் சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் தொண்டையில் இறங்கும்.

ரக்பி லீக் போட்டியில் புதிய அணிகளைச் சேர்ப்பது என் வேலை. ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்து மேட்டில் கிடக்கும் எங்கள் ஊருக்கே ஓர் அணி வாங்கித் தந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம், கடைசிவரை நிரம்பிய இருக்கைகள். நியாயமான கோரிக்கை.

நான்கு மணிக்கு அங்கே பால் கறப்பார்கள்.

முதல் ஆட்டத்தின் இடைவேளையில் ஊரே எழுந்து போய்விட்டது. கேமரா வெறும் நாற்காலிகளைக் காட்டியது. ஒளிபரப்பைக் கவனிக்கும் மெரிடித் கெல் தொலைபேசியில் அழைத்தாள். "கிளைவ், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க அணியைத் தூக்கிப் பெர்த் நகரத்துக்குக் குடுத்துடுவோம்."

கறக்கும் நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பண்ணைக்காரர்களிடம் பேசினேன். என்னோடு பள்ளிக்கூடம் போன நோயலீன் ஸ்டப்ஸ்தான் பதில் சொன்னாள். "ஏண்டா, மடி கனத்த மாடு கடிகாரம் பாக்குமா? உன் டிவிக்காரிய வந்து ஒரு நாள் கறக்கச் சொல்லேன்." பால் கறக்கும் கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு மாடுகளை மைதானத்துக்கே வரவழைத்தேன். எதிரணிக்காரர் ஒருவர் பந்தோடு சாணத்தில் வழுக்கி விழுந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆனால் பார்வையாளர்கள் ஆட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார்கள். "முதுகை வச்சு யாருக்கு என்னத்த விக்கிறது?" என்றாள் மெரிடித். அவள் சொன்னதிலும் தவறில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில், அணியின் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் ஊர்வலத்துக்கென்று எல்லோரையும் கடைத்தெருவுக்கு அழைத்தேன். ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தார்கள். நான் பண்ணை பண்ணையாகப் போய், குளோவர் புல் வயல்களின் கதவுகளைத் திறந்துவிட்டேன். பசித்த மாடு ஈரக் குளோவரை மேய்ந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். அப்பாவின் பண்ணையில் பார்த்திருக்கிறேன். அருகில் ஆள் இருந்தால் காப்பாற்றலாம். ஒன்றையும் நான் விரட்டவில்லை. அவையாகத்தான் ஆவலோடு உள்ளே போயின.

அணியின் புதுச் சட்டையைக் கழற்றாமலே, செத்துக்கொண்டிருந்த மாட்டின் தலையைத் தொடையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள் நோயலீன். "நீயும் பண்ணைக்காரன்தானேடா, ஏதாவது பண்ணுடா" என்றாள். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஓர் இருக்கையும் காலியில்லை. யாருக்கும் போக வேறு இடமில்லை. தொடங்குமுன் மாடுகளுக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். மெரிடித் உடனே அழைத்தாள். "அந்த அமைதி பிரமாதமா வந்திருக்கு கிளைவ். வாராவாரம் வைக்க முடியுமா?"

அப்புறம் பால் ஆலையை மூடினார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. ஆளில்லாத ஊரில் அணி எதற்கு என்று அதையும் பெர்த்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர்வலத்தில் நான் மட்டும் இல்லாததை நோயலீன்தான் உங்களிடம் சொன்னாள் என்கிறீர்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஞாபகசக்தி அதிகம்.

எழுதிக்கொள்ளுங்கள், அத்தனை கதவுகளையும் திறந்தது நான்தான். லீக் அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மைதானம் நல்ல நிலையில் இருக்கிறது. வொங்காராவில் இனி எந்த நேரத்தில் ஆட்டம் வைத்தாலும் பாதியில் ஒருவர்கூட எழுந்து போக மாட்டார்.