உள்தாழ்ப்பாள் இல்லாத வீடு

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், மேடம். எனக்காக இல்லை. ஏட்டையா என் வாக்குமூலத்தை எழுதும் காகிதம் பறந்துகொண்டே இருக்கிறது. ஒரு வரி விட்டுப்போனாலும் அர்த்தம் மாறிவிடும்.

என் பெயர் ஃபிரெட்ரிக். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவன். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றிச் சொல்வார்கள். மழைநீர்க் கால்வாய் மூடியில்லாமல் கிடந்தபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனு போட்டு, ஒப்பந்ததாரர் யார், வேலை ஏன் நின்றது என்று வெளியே கொண்டுவந்தவன் நான். மூடி வந்தது. அதனால் ஒரு குழந்தை விழாமல் தப்பியிருக்கலாம். நடக்காமல் போன கெடுதலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூடி வைத்தால் நாறும். குழம்புக்கும் அப்படித்தான், குடும்பத்துக்கும் அப்படித்தான். என் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. கல்யாணமான புதிதில் என் மனைவி ஐவிக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. குளிக்கும்போது பாடுவாள். நல்ல குரல். சந்தோஷத்தில் பாடுகிறாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்குத் தபால் வந்தாலும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரிப்போம். கைபேசிக்குப் பூட்டு எண் வைக்கும் வழக்கம் கிடையாது. எங்கள் மகள் ஷெரில் வேலை கிடைத்து ஈக்காட்டுத்தாங்கலில் அறை எடுத்தபோது, பாய் தலையணைக்கு முன்னால் ஒரு பூட்டு வாங்கினாள். சின்ன வயசு. போகப்போகப் புரிந்துகொள்வாள்.

‘வெட்டவெளிச்சம்’ என்ற இணையப் பக்கம் என்னுடையதுதான். முகம் காட்டாமல் எழுதுகிறவர்களைக் கண்டுபிடித்துப் பெயரோடு வெளியிடுவது அதன் வேலை. ஆழ்வார்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிக் கண்டபடி எழுதிக்கொண்டிருந்தவர் எதிர்க்கடைக்காரர் என்று காட்டிக்கொடுத்தது நான். படத்தின் ஓரத்தில் ஒரு ஜன்னல் கம்பி தெரிந்தால் போதும், தெருவைச் சொல்லிவிடுவேன். அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லையே என்று கேட்பீர்கள். பெயரைப் போட்டால் ஜனங்கள் விஷயத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். மேலும் நான் விளம்பரம் விரும்புகிறவன் இல்லை.

‘உப்புக்காற்று’ என்று இன்னொரு பக்கம் இருந்தது. எழுதியவர் தன்னை ‘ஒரு மனைவி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டார். ஊரில் பெண்கள் நிறையப் பேர் படித்தார்கள். நானும் படித்தேன். நன்றாக எழுதுகிறாரே என்று ஐவிக்கே வாசித்துக் காட்டியிருக்கிறேன். “பாவம், அந்தப் புருஷன் எப்படிப்பட்ட ஆளோ” என்றேன் ஒருநாள். அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “ஆமாங்க” என்றாள்.

பிறகு அதில் இப்படி வந்தது: ‘என் வீட்டில் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று பாடிக்கொண்டே குளிப்பேன். இன்று தொண்டை கட்டிவிட்டது. குளிக்கவில்லை.’

ஐவிக்கு அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது. நான்தான் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

கோபம் வரவில்லை, மேடம். இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆதாரம் இல்லாமல் யாரையும் கேட்பது என் வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் அவள் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்கு எழுந்து போனாள். கைப்பை என் பக்கத்தில் இருந்தது. அன்று வரிசை நீளம். அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். எங்களுக்குள் அது தவறே கிடையாது. அந்தப் பக்கத்திலிருந்து வெளியேறிவிடுவது அவள் வழக்கம் போலிருக்கிறது, அன்று மறந்திருந்தாள். உள்ளே பெண்கள் அவளுக்கு அந்தரங்கமாக அனுப்பிய செய்திகள். யார் வீட்டில் யார் அடித்தார், யார் எங்கே ஒளிந்திருக்கிறார், எல்லாம். அத்தனையும் ஒருதலைப்பட்சமான குற்றச்சாட்டு. எதிர்த்தரப்புக்கு இப்படி ஒரு விசாரணை நடப்பதே தெரியாது. என்ன நியாயம் இது. எல்லாவற்றையும் என் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டேன். அவள் கைகூப்பிக் கண்ணைத் தாழ்த்தியபடி திரும்பி வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள். பை இருந்த இடத்தில் இருந்தது.

மறுநாள் வெளியிட்டேன். ஐவியின் பெயரையும் அவள் வேலை பார்க்கும் பள்ளியையும் போட்டேன். சொந்த மனைவி என்று விட்டுவைத்தால், மற்றவர்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. செய்திகளையும் போட்டேன், அனுப்பியவர்களின் பெயரோடு. அடுத்தவர் எழுதியதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை.

சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

“வெட்டவெளிச்சம் நீங்கதானா?”

“யார் நடத்துறாங்கன்றது முக்கியமில்ல, ஐவி. சொல்றது உண்மையா இல்லியா, அதப் பாரு.”

“அப்ப நான் எழுதினது?”

எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் துணிப்பையோடு வாசலில் நின்றாள்.

“அதுல சசிரேகான்னு ஒரு பொண்ணு இருக்குங்க. புருஷன் அவளத் தேடிக்கிட்டிருக்கான். என்னைப் பத்தி என்ன வேணா இருந்துட்டுப் போகட்டும். அது ஒண்ண மட்டும் எடுத்துடுங்க.”

ஒன்றை எடுத்தால் இன்னொருவர் வந்து என்னுடையதையும் எடு என்பார். அப்புறம் அதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை இல்லை, தணிக்கை. இதைப் பொறுமையாகவே விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்கவில்லை. ஷெரிலின் அறைக்குப் போய்விட்டாள்.

நீங்கள் கேட்ட சசிரேகாவுக்கு இப்போது வருகிறேன். அவர் ஐவிக்கு எழுதியது இவ்வளவுதான்: ‘வடபழனி பஸ் டிப்போ பின்னாடி ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன் அக்கா. யாருக்கும் தெரியாது. இப்பதான் ராத்திரில தூங்குறேன்.’ விடுதியின் பெயர் அதில் இல்லை. ஆகவே முகவரியை நான் வெளியிட்டேன் என்று பத்திரிகையில் வந்தது தவறு. திருத்தச் சொல்லி எழுதலாம் என்றிருக்கிறேன்.

அவருடைய கணவர் முருகையன் அடுத்த நாளே எனக்குச் செய்தி அனுப்பினார். சொந்தப் பெயரில், ஆட்டோவில் சாய்ந்து நிற்கும் சொந்தப் படத்தோடு. ‘சார் அது என் சம்சாரம் சார். டிப்போ பின்னால ரெண்டு மூணு ஆஸ்டல் கீது. எதுல கீறானு தெரில. பேசணும் சார், அவ்ளோதான்.’ இத்தனை வருடத்தில் என்னிடம் முகத்தை மறைக்காமல் பேசியவர்கள் மிகக் குறைவு. எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. அதோடு, அரைகுறைத் தகவலைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது என் வேலையில் உள்ள குறை. சரிபார்த்துவிடலாம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினேன்.

முதலில் போன விடுதியில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். அடுத்ததில், ஐவி டீச்சர் வீட்டிலிருந்து வருகிறேன், சசிரேகாவைப் பார்க்க வேண்டும் என்றேன். கவனியுங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் படியில் ஓடி இறங்கி வந்தார். மெலிந்த பெண். கழுத்தில் ஆறிப்போன தீக்காயம். துப்பட்டாவை இழுத்து மறைத்திருந்தார். நான் பார்த்துவிட்டேன்.

“டீச்சரக்கா அனுப்பினாங்களா சார்? காலைல போன் பண்ணாங்க. உடனே கெளம்புன்னாங்க. அடையார்ல ஒரு மடத்துல சிஸ்டருங்ககிட்ட சொல்லி வெச்சிக்கீறாங்களாம். இன்னிக்கி அங்க எடம் இல்லியாம், நாளைக்கிக் காலைல போய்டுவேன்.”

“நல்லது” என்றேன்.

“எவனோ ஒருத்தன் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டான் சார். அக்காவுக்குதான் பாவம். என்னால அவங்களுக்கு ஸ்கூல்ல எதுனா ஆய்டுமா?”

அதெல்லாம் ஆகாது என்று தைரியம் சொன்னேன். அவர் மறுபடி மேலே போய் இரண்டு கொய்யாப்பழத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “அக்காகிட்ட குடுங்க சார். நான் இங்க கீறது யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” சரி என்று நான் சொல்லவில்லை. விடுதிக் காவலாளி, நான் தலையாட்டியதாகச் சொல்லியிருக்கிறார். விடைபெறும்போது யாரும் தலையாட்டுவதுதான்.

பழத்தைக் கொடுக்க ஐவி வீட்டில் இல்லையே. வீணாக்கக் கூடாதென்று பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

முருகையனுக்கு விடுதியின் பெயரை அனுப்பினேன், அவ்வளவுதான் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் அவருடைய கைபேசியை எடுத்துக் காட்டினீர்கள். சரி. அதற்குக் கீழே உள்ள செய்தியும் நான் அனுப்பியதுதான். ‘நாளை காலை இடம் மாறுகிறார். பேசுவதானால் இன்றே பேசிவிடுங்கள்.’ நாளைக்குப் போனால் நான் கொடுத்த தகவல் தப்பாகிவிடும். தப்பான தகவலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தத் தீக்காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அனுப்பினேனா, பின்னால் அனுப்பினேனா என்று கேட்டீர்கள். பின்னால்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அனுப்பினேன்.

இருட்டும் முன்பே முருகையன் அங்கே போய்விட்டார். பேசத்தான் போனார் என்று இன்றும் நம்புகிறேன். கையில் கத்தி எப்படி வந்தது என்பதை நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும். சசிரேகா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். அவருக்காக ஒரு பூசைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் எந்த மதம் என்று தெரியவில்லை, செய்தியில் போடவில்லை.

இவ்வளவையும் நான் செய்தேன். மறுக்கவில்லை. வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் என் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐவி நேற்று தன் சொந்தப் பெயரில் ஒன்று எழுதியிருக்கிறாள். உங்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதுதான் என்று தெரியும். வெட்டவெளிச்சம் யார் என்று என் பெயர் போட்டிருக்கிறாள், படம் போட்டிருக்கிறாள், கதவு எண்ணோடு தெருவையும் போட்டிருக்கிறாள். எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் காலையிலிருந்து யார் யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள், மேடம். நாளைக்கு ஒருவன் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்தால் யார் பொறுப்பு? இப்படி எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா.