ஒரு மீட்டர் தள்ளி

— அங்கயே நில்லுங்க நானா! வாசப்படியைத் தாண்டாதீங்க.

— என்ன நௌஷின், துபாய்லேர்ந்து வர்ற அண்ணனை வாசல்லயே நிறுத்துறே? பெட்டியையாவது உள்ள வாங்கு.

— பெட்டியும் அங்கயே இருக்கட்டும். ஊரெல்லாம் பன்னிக் காய்ச்சல். வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க தனியா இருக்கணும்.

— பன்னி பக்கமே போகாத ஆளு நானு. எனக்கு எப்புடி வரும்?

— அது பன்னிகிட்டேர்ந்து வரலை. மனுஷன் இருமுனா, தும்முனா வருது. உள்ள கைரு மச்சிக்கு எட்டு மாசம். புள்ளத்தாச்சிக்கு வந்தா உசுருக்கே ஆபத்துன்னு கிளாசுல சொன்னாங்க.

— ஏர்போர்ட்டுல கேமரா வச்சுப் பாத்துத்தான் விட்டாங்க. காய்ச்சல் இல்லன்னுட்டாங்க.

— ஒடம்புக்குள்ள கிருமி இருந்தாலும் உடனே காட்டாது நானா.

— எப்பக் காட்டும்?

— ரெண்டு நாள்... சில பேருக்கு ஒரு வாரம்.

— அதுவரைக்கும் நான் என்ன, அம்பகரத்தூர் பஸ்ஸுல ஏறிப் போயிட்டுப் போயிட்டு வரவா?

— மாடி ரூமுல இருங்க. இல்ல இல்ல, மாடிக்கும் கூடத்து வழியாத்தானே வரணும்...

— டாக்டருக்குப் படிக்கிற புள்ள, தெளிவாச் சொல்லேன்.

— ஒரு மீட்டர் தள்ளி நின்னாப் போதும்ங்கிறாரு ஒரு சார். ரெண்டு மீட்டர்னு நோட்டீசுல போட்டிருக்கு. மாஸ்க் போடுங்கிறாங்க, எல்லாரும் போட வேணாம்ங்கிறாங்க. எனக்கே ஒண்ணும் புரியல நானா.

— நௌஷின், வெளிய யாரு? அவங்க குரல் மாதிரில்ல இருக்கு?

— நான்தான் கைரு! வந்துட்டேன். உன் நாத்துனா உள்ள விட மாட்டேங்குது.

— மச்சி, எழுந்து வராதீங்க! ரூமுக்குள்ளயே இருங்க!

— உண்டாயிருக்கேன்னு தெரியுறதுக்கு முன்னாடியே பிளேன் ஏறுனவங்கம்மா. இந்த வயித்தை அவங்க இன்னும் பாக்கவே இல்ல. தூரத்துல நின்னாவது காட்டுறேனே.

— ஒரு வாரம் பொறுங்க மச்சி. அல்லாவுக்காக.

— சரிம்மா. ஏங்க, கோச்சுக்காதீங்க. காய்ச்சல்னு காலேஜை மூடுனதுலேர்ந்து இது என் பக்கத்துலதான் படுக்குது. காலை அமுக்கி விடுது, சோறு ஊட்டி விடுது. பாசத்துலதான் பயப்படுது.

— கோவம்லாம் இல்ல கைரு. நௌஷின், நீயே என் நெத்தியைத் தொட்டுப் பாரு. சுட்டா இப்பவே லாட்ஜுக்குப் போயிடுறேன். சுடலன்னா உள்ள விடு.

— தொடவே கூடாது நானா... சரி, மூஞ்சை அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. மூச்சு விடாதீங்க.

— என்ன, சுடுதா?

— சுடலயே நானா! ஐஸு மாதிரில்ல இருக்கு.

— என் நெத்தி ஐஸு இல்ல புள்ள... உன் கைதான் கொதிக்குது.