மூன்றாந்தரம் கூப்பிட்டபோது

மாரிகாலத்து ஏழு மணி. நாரந்தனை தாண்டி ஊர்காவற்றுறைப் பக்கம் போகிற வீதி. இரண்டு பக்கமும் கூரையில்லாத வீடுகள், பனை, இருட்டு... ஒரு தெருவிளக்கு எரியும், அடுத்தது எரியாது. நடுவீதியில் மாடு படுத்திருந்தால் அதுதான் துணை.

கிட்ட வாருங்கள். குறிகட்டுவானில் கடைசிப் படகை விட்டுவிட்டு இறங்குதுறையில் குந்தியிருக்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை? இது எனக்கு நடந்ததல்ல. என் கூட்டாளி ஒருவனின் மச்சான், வேலணையில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிற அனோஜன், அவனுக்கு நடந்தது.

கடைப் பலகையில் அனோஜனின் பெயருக்குப் பின்னால் ஒரு வரிசை ஆங்கில எழுத்துகள் நிற்கும். அவை என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனும் கொஞ்சம் யோசிக்க வேண்டி வந்திருக்கும். சுவிசிலிருந்து தமையன் அனுப்புகிற வாசனைச் சென்ற்றை அரைப் போத்தல் ஊற்றிக்கொண்டுதான் வெளிக்கிடுவான். எந்த வீட்டு வாசலிலும் அவன் சொல்லும் முதல் வசனம் ஒன்றுதான். "ஐஞ்சு நிமிச வேலை."

அன்று அவன் போனது கரம்பனுக்கு அங்கால், கடற்கரையோடு இருக்கிற மரியநாயகி வீட்டுக்கு. அந்த மனிசிக்கு ஒரே மகன், றெக்ஷன். முந்தின வருடம் கடலுக்குப் போனவன் வரவில்லை. வள்ளம் மட்டும் வந்தது.

போன விதம்தான் யாருக்கும் விளங்கவில்லை. அன்று இரவு மரியநாயகி வீட்டில் இல்லை. பாலைதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகேறிப் போய், அங்கேயே தங்கிவிட்டார். பெடியன் தனிய. கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குருசுமுத்து, அவன் வள்ளத்தைத் தள்ளுவதைக் கண்டு, எங்கேயடா இந்த நேரத்தில் என்று கேட்டிருக்கிறார். பாலைதீவுக்கு என்றிருக்கிறான். அம்மா கூப்பிடுகிறா, மூன்று தரம் கூப்பிட்டவா என்றிருக்கிறான்.

அந்த மூன்று தரத்தைக் கவனியுங்கள். இருட்டின பிறகு யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதற்குரலுக்கு வாய் திறக்கக் கூடாது. இரண்டாவதற்கும் கூடாது. மூன்றாந்தரமும் வந்தால்தான் மனிசர். பேய்க்கு மூன்று தரம் கூப்பிட ஏலாது... அந்த வீட்டில் பிள்ளையை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். மரியநாயகியும் பொழுதுபட்டால் குசினியிலிருந்து மகனை மூன்று தரம் கூப்பிடுவார். அவனும் மூன்றாவதற்குத்தான் "வாறன் அம்மா" என்பான்.

அப்படியானால் அன்றிரவு அவர் குரலில் கூப்பிட்டது யார்? மரியநாயகிக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு ஒரே சாட்சி மகனின் கொம்பியூட்டர். அவன் விளையாடும்போது தன் முகத்தையும் அறையையும் கமராவில் பதிவுசெய்வான். அன்றும் பதிவுசெய்துகொண்டுதான் இருந்தான் என்று கூட விளையாடிய பெடியங்கள் சொன்னார்கள்.

ஆனால் அந்தப் பெட்டி எழும்ப மறுத்தது. அது பெடியன் ஓவர்குளொக் செய்து வைத்த பெட்டி. உங்களுக்கு விளங்கச் சொன்னால், சின்ன எஞ்சினைப் பெரிய எஞ்சின் என்று நம்பவைத்து ஓடவிடுவது. ஓடும். சூடு ஏறும். ஒருநாள் நடுக்கடலில் நிற்கும். டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்த்தவர்களும் தோற்றார்கள். அந்தப் பெட்டியில் மட்டும் திறக்கும்படி பெடியன் பூட்டு வைத்திருந்தான்.

அனோஜன் வாசலில் நின்று தன் வசனத்தைச் சொன்னான். மரியநாயகி அவனைக் கூட்டிப்போய்ப் பெட்டிக்குள் ரோச் வெளிச்சம் பிடித்தார்.

சுவிச்சைப் போட்டான். பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது... பீப், பீப், பீப்... நின்றது. மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்துப் போட்டான். உப்புக்காற்று என்றான். பீப், பீப், பீப். பெட்டியின் உள்பலகையிலிருந்த காசுபோன்ற பற்றரியைக் கழற்றி, பெடியன் வைத்த வேகத்தை எல்லாம் அழித்து, கம்பனி வேகத்துக்குக் கொண்டுவந்தான். எந்தப் பெட்டியும் அதற்கு மசியும். இது பீப் சத்தம்கூடப் போடவில்லை. அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னான். தனக்குத் தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கிலச் சொல் வைத்திருப்பவன் அவன்.

ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியது. கடைசியில், கைவிடுகிற மனநிலையில், உள்பலகையின் இரண்டாவது சில்லில் பெடியன் சேமித்து வைத்திருந்த அந்தப் பைத்தியக்கார வேகத்தையே, ஒரு சின்ன ஆளியைத் தட்டித் திருப்பிப் போட்டான்.

எழும்பியது.

தூசு கருகும் மணம். காற்றாடி கூவத் தொடங்கியது. சூடு மளமளவென்று ஏறுவது ஒரு மூலையில் இலக்கமாகத் தெரிந்தது. கனநேரம் தாங்காது. அனோஜன் அவசரமாகத் தேடி அந்தக் கடைசிப் பதிவைத் திறந்தான்.

றெக்ஷன். காதில் ஹெட்செற். பின்னால் இதே அறை, இதே அலுமாரி, திறந்த கதவு. விளையாடிக்கொண்டிருக்கிறான். மரியநாயகி ரோச்சை மேசையில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் பெடியன் மூக்கைச் சுளித்தான். மணந்து பார்த்தான்.

"ஆரடா சென்ற் அடிச்சது..." என்றான், தனக்குத்தானே.

அனோஜன் தன் சட்டையை ஒருதரம் குனிந்து பார்த்தான். பிறகு, பழக்கதோஷம், பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னான்.

"ஒண்டுமில்லை அக்கா, பயப்பிடாதேங்கோ."

திரையில் றெக்ஷன் ஹெட்செற்றைக் கழற்றினான். கழுத்தைத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்த்தான்.

மரியநாயகி இதை ஒன்றும் கவனிக்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு பிள்ளையின் முகம். வேறென்ன கண்ணில் படும்? திரையில் கை வைத்தார்.

"றெக்ஷன்."

திரையில் பெடியன் அசையாமல் இருந்தான். வாய் திறக்கவில்லை. முதற்குரலுக்கு அவன் திறக்க மாட்டான்.

"றெக்ஷன்..."

மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினான். கதவுக்கு அங்கால் இருட்டு, அதற்கும் அங்கால் கடல். அன்றிரவு கூப்பிட்டது யார் என்று அனோஜனுக்கு அப்போது விளங்கிவிட்டது. அந்த மனிசியின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் ஒரு சொல்லும் இல்லை, ஆங்கிலத்தில்கூட.

"றெக்ஷன், வா ராசா."

பெடியன் சிரித்தான். முகத்திலிருந்த பயம் முழுதும் போய்விட்டது.

"வாறன் அம்மா."

கதிரை சுழன்றது. அறை காலி. திறந்த கதவு... அலைச் சத்தம்... பிறகு வள்ளம் மணலில் அரைபடுகிற சத்தம். திரை நீலமானது. பெட்டி நின்றது. வயர் கருகிய மணம் மட்டும் நின்றது.

மரியநாயகி கத்தவில்லை. அந்தக் கறுத்த திரையில் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்.

"திரும்பப் போடும் தம்பி. போகாதை எண்டு சொல்லவேணும்."

போட்டான். அவனுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தான். தெரியாத சிலவற்றையும் செய்தான். காற்றாடி அசையவில்லை. அவர் மறுபடி மறுபடி அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடைசியில் அனோஜன் தலைகுனிந்து, ஏலாது அக்கா என்றான்.

வீட்டு ஒழுங்கை வீதியில் ஏறுகிற இடத்தில் குருசுமுத்து நின்றார். பெட்டி எழும்பினதோ என்று கேட்டார். ஒருதரம் என்றான் அனோஜன். கிழவர் சுருட்டை எறிந்தார்.

"அவவுக்கு ஒண்டு சொல்லேல்லைத் தம்பி. சொல்ல மனம் வரேல்லை. பெடியன் வள்ளத்தில ஏறேக்கை ஒருக்கா நிண்டவன். வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தவன். என்னடா எண்டன். அம்மா இன்னும் என்னவோ சொல்ல வந்தவா, 'போகா' எண்டு துடங்கி அரைவாசியில நிண்டிட்டுது எண்டான். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டான்... பிறகு ஒண்டும் கேக்கேல்லை. போயிட்டான்."

அவ்வளவுதான். அனோஜன் கடைப் பலகையைக் கழற்றிவிட்டான். சென்ற்றும் அடிப்பதில்லை. மரியநாயகி பொழுதுபட்டதும் அந்தப் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, சுவிச்சை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், வாயில் அந்த ஒரு சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டு. அது இன்னும் எழும்பவில்லை.

எழும்பும். ஒரே ஒரு தரம்... அந்த அரைச் சொல்லுக்கு மட்டும்.