மூணுல ஒரு பாகம் மலை

— மலைய ஓரமா தள்ளாத யசோதரா. ஊருக்கே சாமி அது. நடுவுல உக்கார வெச்சு எடு.

— பலராமன் சார், நேத்துல இருந்து அஞ்சாவது வாட்டி சொல்றேன். நடுவுல வெச்சா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும். ஜன்னல விட்டு நகருங்க, உங்க வழுக்கை பளபளங்குது.

— நகர்றேன். அடுத்த வாரம் நீ எதிர்ல உன் வீட்டு மேல மாடி எழுப்பினா இந்த ஜன்னல்ல எனக்கு ஏது மலை? ரிட்டையராகி ஆயிரத்து நாநூத்தி அறுபது நாள், ஒரு நாள் தப்பாம பாத்துட்டுத்தான் காபி. பாக்கலன்னா காபி தொண்டையிலயே நின்னு பேச்சு வார்த்தை நடத்தும்.

— அதுக்குத்தானே மூணடிக்கு ரெண்டடி படம் போட்டு, ஃப்ரேம் மாட்டித் தரேன்னு வந்து நிக்கறேன். பொண்ணு த்ரிசலாவும் மாப்பிள்ளையும் தங்க ரெண்டு ரூம், ஸ்டூடியோ சாமானுக்கு ஒரு ரூம். நானும் என்னதான் சார் பண்றது?

— கட்டுப்பா, யாரு வேணான்னா? முப்பத்திமூணு வருஷம் சர்வேயில சங்கிலி புடிச்சவன் நான். என்னைக் கண்டா கோணல் வரப்பெல்லாம் தானா நேராயிடும்.

— வெளிச்சம் போவுது சார்.

— மலை ஓரமா நின்னா அழகுன்றியே, அதெப்படி?

— படத்தோட கட்டத்த மூணா பிரிங்க. வலது பாகத்துல மலை. அது போதும்.

— மீதி ரெண்டு பாகம் சும்மாவா கெடக்கும்?

— கெடக்கட்டும். இல்ல, உயரமா ஒரு மரமோ செவுரோ நின்னாலும் சரி. பக்கத்துல ஒண்ணு நின்னாத்தான் மலைக்கு எடுப்பு.

— செவுரு கூடவா? மலை கம்மியா தெரியாது?

— ஜாஸ்தியா தெரியும். என் கேமரா மேல சத்தியம்.

— கொஞ்சம் உரக்கச் சொல்லு. காது மந்தம்.

— காலையில வரைக்கும் நல்லாத்தானே கேட்டுச்சு? மூணுல ஒரு பாகம் மலைக்கு விட்டா போதும், மீதி ரெண்டுல செவுரு இருக்கலாம். தெருவுக்கே கேட்டிருக்கும், போதுமா? சார், என் வீட்டு மொட்டை மாடியில அது என்ன வெள்ளைக் கோடு? படத்துல குறுக்க விழுது.

— சுண்ணாம்பு. நீ ஸ்டூடியோவுக்குப் போன நேரத்துல அளந்து போட்டேன், சரியா மூணுல ஒண்ணு. இடது பக்கம் த்ரிசலாவுக்கு ரெண்டு ரூம் தாராளமா வரும். வலது பக்கம் மொட்டையா விட்டுடு. சாமான என் மாடிப்படிக்குக் கீழ போட்டுக்க.

— சார், மேஸ்திரி அருணகிரி ஒத்துக்க மாட்டாரு.

— ஓனர் வாயால கேட்டாத்தான் பிளான மாத்துவேன்னு அருணகிரி அப்பவே சொல்லிட்டாரு. அதான் உன் வாசல்ல நிக்க வெச்சேன். கேட்டுடுச்சாம், கையாட்டறாரு பாரு. கேமராவ மூடி வை யசோதரா, ஃபிலிம் மிச்சம்.